நடுத்தர விலையில் ஒரு தோல் ஜாக்கெட்: பைக் ஓட்டுபவர் எதைப் பார்த்து வாங்குவது?

ஓடும் பைக்கிலிருந்து விழுபவரின் உடல் இரண்டு விதமாக அடிபடுகிறது. முதலில் மோதல்: தோளோ முழங்கையோ இடுப்போ தரையில் இடிக்கிறது. அடுத்தது உராய்வு: வேகம் அடங்கும்வரை உடல் தார்ச்சாலையில் தேய்ந்துகொண்டே போகிறது. இந்த இரண்டையும் தாங்குவதற்கென்று தைக்கப்படும் உடைதான் மோட்டார் சைக்கிள் ஜாக்கெட். குளிரைத் தடுப்பது, பார்க்க மிடுக்காக இருப்பது எல்லாம் அதற்குப் பிறகு. கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், ஒரே கறுப்பு நிறத் தோல் ஜாக்கெட்டுகள் இரண்டில் ஒன்று இந்த வேலையைச் செய்யும். இன்னொன்று முதல் தேய்ப்பிலேயே பிரிந்துவிடும். வித்தியாசம் வெளியே தெரிவதில்லை என்பதுதான் வாங்குபவருக்குள்ள சிக்கல்.

தேய்மானம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று எளிய கணக்கில் பார்க்கலாம். உடைக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை 0.6 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் விழுபவர் சுமார் 16 மீட்டர் சறுக்கிய பிறகே நிற்பார். அதற்கு இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். 80 கி.மீ. வேகமென்றால் 40 மீட்டரைத் தாண்டும். நேரம் ஏறக்குறைய நான்கு விநாடி. சாதாரண ஜீன்ஸ் துணி இப்படித் தேயும்போது ஒரு விநாடி அளவிலேயே ஓட்டையாகிவிடுகிறது. பருத்திச் சட்டை அதற்கும் முன்பே போய்விடும். மிச்ச நேரம் முழுவதும் தேய்வது மனிதரின் சதைதான்.

நல்ல பாதுகாப்பு உடை பலன் தருகிறது என்பதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரேலியத் தலைநகர் கன்பெரா பகுதியில் விபத்துக்குள்ளான 212 பைக் ஓட்டிகளை ஆராய்ந்து லிஸ் டி ரோம் குழுவினர் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மோட்டார் சைக்கிள் ஜாக்கெட் அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு, அணியாதவர்களைவிட 21 விழுக்காடு குறைவாக இருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: விபத்தில் சிக்கிய மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டுகளில் 29.7 விழுக்காடு கிழிந்தோ தையல் விட்டோ தம் வேலையில் தோற்றிருந்தன. பைக்குக்கென்றே விற்கப்பட்டவற்றில் பத்தில் மூன்று ஏமாற்றியிருக்கிறது என்றால், பெயரையும் தோற்றத்தையும் நம்பி வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பது புரியும்.

தோற்றம் ஏமாற்றுவதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1928இல் நியூயார்க்கைச் சேர்ந்த இர்விங் ஷாட், பைக் ஓட்டுபவர்களுக்காக 'பெர்ஃபெக்டோ' என்ற தோல் ஜாக்கெட்டை உருவாக்கினார். அன்று அதன் விலை ஐந்தரை டாலர். தடித்த தோல், குறுக்கே செல்லும் ஜிப், காற்று புகாமல் மடித்து மூடும் மார்புப் பகுதி என்று அதில் இருந்த ஒவ்வொன்றும் ஓட்டுவதற்காக அமைந்தது. 1953இல் வெளிவந்த 'தி வைல்ட் ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ அந்த வகை ஜாக்கெட்டை அணிந்து வந்த பிறகு, அது பைக்கே இல்லாதவர்களின் உடையாகவும் ஆயிற்று. வெட்டு அப்படியே இருக்க, தோல் மெலிந்தது, தையல் குறைந்தது. இன்று 'பைக்கர் ஜாக்கெட்' என்று துணிக்கடைகளிலும் இணையத்திலும் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த ஃபேஷன் வம்சத்தைச் சேர்ந்தவை. அவற்றை அணிந்து பைக் ஓட்டுவது, சட்டையோடு ஓட்டுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது தோலின் தடிமன். பைக் ஜாக்கெட்டுக்கு உகந்த மாட்டுத்தோல் பொதுவாக 1.1 முதல் 1.4 மி.மீ. வரை இருக்கும். ஃபேஷன் ஜாக்கெட்டில் இது 0.6 முதல் 0.9 மி.மீ.தான். விற்பவர் சொல்லும் எண்ணை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஜாக்கெட்டின் முதுகுப் பகுதியை இரு விரலால் கிள்ளித் தூக்கினால், மெல்லிய தோல் துணிபோல மடிந்து சரியும். தடித்த தோல் மடிப்பை எதிர்த்து நிற்கும். உள்ளே வைக்கும் பாதுகாப்பு பேட்களோடு சேர்த்து மூன்று கிலோ அளவுக்குக் கனப்பது குறையில்லை. கையில் எடுத்ததும் 'என்ன லேசாக இருக்கிறது!' என்று தோன்றினால் சந்தேகப்பட வேண்டும்.

எந்த விலங்கின் தோல் என்பதும் முக்கியம். நடுத்தர விலையில் மாட்டுத்தோலே பொதுவழக்கு, நம்பகமானதும் அதுதான். எருமைத் தோல் தடித்தது, உழைப்பது. ஆனால் விறைப்பு அதிகம், பழகுவதற்கு நாளாகும். ஆட்டுத்தோலில் வெள்ளாட்டையும் செம்மறியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளாட்டுத் தோல் எடை குறைவு, அதன் தடிமனுக்கு வலிமை அதிகம்; நன்றாகத் தைக்கப்பட்டிருந்தால் வாங்கலாம். செம்மறித் தோல் தொட்டால் பட்டுப்போல இருக்கும், இழுத்தால் சீக்கிரம் கிழியும். பைக்குக்கு அது வேண்டாம். பந்தய வீரர்கள் விரும்பும் கங்காருத் தோல் மெலிதாகவும் உறுதியாகவும் இருக்கும், ஆனால் நடுத்தர விலைக்குள் அடங்காது.

ஒரே மாட்டின் தோலிலும் எல்லா அடுக்கும் சமமில்லை. மயிர் இருந்த மேல்பக்கத்தில் இழைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். அந்தப் பரப்பைத் தேய்த்து மழுப்பாமல் அப்படியே விட்டதுதான் 'ஃபுல் கிரெயின்' தோல். தடித்த தோலைக் கிடையாக அறுத்தால் கிடைக்கும் அடிப்பகுதி 'ஸ்பிளிட்'. அதில் இழை தளர்வு. அதன்மேல் பாலியூரிதேன் பூசி, மயிர்க்கண் போன்ற அச்சைப் பதித்துவிட்டால் பார்வைக்கு மேல்தோல்தான். தோல் துகள்களைப் பசையில் ஒட்டிச் செய்த 'பாண்டட் லெதர்' அதற்கும் கீழே. ரெக்சின் தோலே இல்லை. 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரை, இது விலங்குத் தோல் என்பதற்கு மேல் எந்த உறுதியும் தருவதில்லை. ஸ்பிளிட் தோலுக்கும் அந்த முத்திரை பொருந்தும். அசலைக் கண்டுபிடிக்க, கட்டை விரலால் அழுத்திப் பார்க்கலாம். நல்ல மேல்தோலில் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் ஓடும். கனமான பூச்சு உள்ளதில் பள்ளம் மட்டும் விழும். மயிர்க்கண்கள் ஒரே சீராக, அச்சடித்ததுபோல வரிசையாக இருந்தால் அது அச்சடித்ததேதான். லைனிங்கைப் பிரித்துப் பார்க்க வழியிருந்தால் பின்பக்கம் பஞ்சுபோன்ற இழை தெரிய வேண்டும். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின்.

தோல் பதனிடுதலில் தமிழ்நாட்டுக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஆவாரம் பட்டையைக் கொண்டு பதனிட்ட தோல் இங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போன காலம் இருந்தது. குரோமிய உப்புகளால் பதனிடும் முறை வந்த பிறகு வேலை நாள்கணக்கில் முடியலாயிற்று. தோலும் மென்மையாக, வெப்பத்தையும் ஈரத்தையும் கூடுதலாகத் தாங்குவதாகக் கிடைத்தது. சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் ஆலையால்தான். இன்றைய பைக் ஜாக்கெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை குரோம் பதனிட்ட தோலில் செய்யப்படுகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இன்றும் தோல் தொழில் நடப்பதால், அங்கே மலிவாக நல்ல ஜாக்கெட் வாங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தோல் நன்றாகவே இருக்கலாம். ஆனால் நல்ல தோல் இருந்தால் மட்டும் நல்ல பைக் ஜாக்கெட் ஆகிவிடாது. அதைத் தீர்மானிப்பது தையல்.

விழுந்தவரின் ஜாக்கெட்டில் தோல் தேய்ந்து ஓட்டையாவதற்கு முன்பே தையல் விட்டுப்போவது உண்டு. தையல் நூல் சாலையில் உரசினால் உடனே அறுந்துவிடும்; அதன் பின் நல்ல தோலாக இருந்தும் பயனில்லை, மடல் மடலாகத் திறந்துகொள்ளும். ஆகவே ஒரு தோள்தையலை எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தில் நிதானமாகப் பார்ப்பது நல்லது. இரண்டு தோல் துண்டுகள் முதலில் உள்பக்கமாகச் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தத் தையல் வெளியே தெரியாது, சாலையிலும் உரசாது. அதன்பின் விளிம்பை மடித்து, மேலே ஒன்றோ இரண்டோ வரிசை தையல் ஓடியிருக்க வேண்டும். வெளிவரிசைகள் தேய்ந்து அறுந்தாலும் மறைந்திருக்கும் உள்தையல் பிடித்துக்கொள்ளும். மேலே தெரியும் ஒற்றை வரிசையை மட்டும் நம்பியிருக்கும் ஜாக்கெட்டை அங்கேயே மாட்டிவிட்டு வந்துவிடலாம்.

அதே இடத்தைத் தையலின் இருபுறமும் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி விரிந்து நூல் ஏணிப்படிபோலத் தெரிந்தால் தையல் தளர்வு. ஊசித்துளைகள் மிக நெருக்கமாக இருப்பதும் கெடுதல்தான். தபால்தலைத் தாளைக் கிழிப்பதுபோல அந்தக் கோட்டிலேயே தோல் பிரியும். நூல் நைலானோ பாலியெஸ்டரோ ஆக இருக்க வேண்டும், பருத்தி கூடாது. இன்னொன்று: தோளிலும் முழங்கையின் வெளிப்பக்கத்திலும் எத்தனை துண்டுகள் இணைகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த இடங்களில் அகலமான ஒரே துண்டும், அதன்மேல் இரண்டாவது அடுக்குத் தோலும் இருப்பது சிறந்த வெட்டு. வண்ணப்பட்டைக்காகச் சின்னச் சின்னத் துண்டுகளை முழங்கையில் ஒட்டுப்போட்டிருந்தால், அழகுக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஜிப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய பல்லோடு, உலோகத்திலோ தடித்த வார்ப்பிலோ, தடையில்லாமல் ஓட வேண்டும். கழுத்துப் பக்கம் முடியும் இடத்தில் ஜிப்பின் நுனியை மூடும் சிறு மடிப்பும், உள்ளே நீளவாக்கில் ஒரு தோல் பட்டையும் வேண்டும். இடுப்பின் பின்பக்கம், பேன்ட்டோடு இணைக்கும் ஜிப் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். சறுக்கும்போது ஜாக்கெட் மார்புவரை சுருண்டு ஏறிவிடாமல் தடுப்பது அதுதான்.

தோல் உராய்வைத் தாங்கும். மோதலைத் தாங்குவது உள்ளே வைக்கும் பேட். தோளுக்கும் முழங்கைக்கும் ஐரோப்பியத் தரம் இ.என். 1621-1. சுமார் 50 ஜூல் ஆற்றலோடு ஓர் எடையை பேட்டின் மேல் போட்டு, அடியில் எவ்வளவு விசை கடக்கிறது என்று அளப்பார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை. 20க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. நடுத்தர விலையில் இரண்டாம் நிலை பேட் கிடைக்கக்கூடியதே. முதல் நிலையோடு வந்தாலும் பிறகு மாற்றிக்கொள்ள முடியும். நம் வெயிலுக்கு ஒரு சிறு குறி மிகவும் பயன்படும். இன்றைய மென்மையான பேட்களில் பல, சூட்டில் இளகிக்கொடுக்கும் தன்மை உள்ளவை. 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்துத் தேறியதற்கு 'டி' எழுத்தும் கூட்டல் குறியும் பேட்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். வேலூரிலோ திருச்சியிலோ மே மாதத்தில் ஓட்டுபவர் இந்தக் குறியைத் தேடி வாங்குவது நியாயம்.

முதுகில் பலர் ஏமாறுகிறார்கள். பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பைக்குள் மெல்லிய ஸ்பாஞ்சு ஒன்றை வைத்து அனுப்புகிறார்கள். அது வடிவத்துக்காக வைத்த நிரப்பு, பாதுகாப்பு இல்லை. உண்மையான முதுகு பேட்டில் இ.என். 1621-2 என்ற எண் இருக்கும். அதற்கான அளவு இன்னும் கடுமை: முதல் நிலைக்குச் சராசரி 18 கிலோநியூட்டன், இரண்டாம் நிலைக்கு 9. ஜாக்கெட்டின் பைக்குப் பொருந்தும் அளவு பார்த்து இதைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

இனி லேபிள். ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருப்பதுபோல ஜாக்கெட்டுக்கென்று இந்தியாவில் கட்டாய முத்திரை இல்லை. அதனால் இங்கேயும் ஐரோப்பாவின் இ.என். 17092 தரத்தையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். 2020இல் வந்த இந்தத் தரம் உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று பிரிக்கிறது. உடல் பரப்பை ஆபத்துக்கு ஏற்ப மண்டலங்களாகப் பிரித்து, தோள், முழங்கை போன்ற முதல் மண்டலத்துக்கு மிகக் கடுமையான தேய்ப்புச் சோதனை வைக்கிறார்கள். தேய்ப்பு மட்டுமல்லாமல், கிழியும் வலிமையும் தையல் வலிமையும்கூடச் சோதிக்கப்படுகின்றன. முதல் மண்டலத்தில் ஏஏஏ வகுப்பின் சோதனை வேகம் மணிக்குச் சுமார் 120 கி.மீ.; ஏஏ வகுப்புக்குச் சுமார் 70; ஏ வகுப்புக்கு 45 அளவு. பி என்பது ஏ போன்றதே, ஆனால் பேட் கிடையாது. சி வகுப்பு உடை பேட்டைப் பிடித்துவைப்பதற்கு மட்டும், உராய்வைத் தாங்காது.

நெடுஞ்சாலையில் 350 சிசி பைக் ஓட்டுபவருக்கு ஏஏ வகுப்புத் தோல் ஜாக்கெட் பொருத்தமான இலக்கு. நல்ல மாட்டுத்தோலும் நேர்மையான தையலும் இருந்தால் இந்த வகுப்பை நடுத்தர விலையிலேயே எட்டிவிடலாம். தோல் ஜாக்கெட் என்ற பெயரில் ஏ வகுப்பு மட்டும் வாங்கியிருந்தால், எங்கோ மெலிந்த தோலோ நிறைய ஸ்ட்ரெச் துணியோ இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

லேபிளில் நடக்கும் பெரிய தந்திரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியத் தரத்துக்கான 'சி.இ. சான்று பெற்றது' என்று விளம்பரம் செய்வார்கள். சான்று உள்ளே இருக்கும் பேட்டுக்கு மட்டும் இருக்கும். ஜாக்கெட்டுக்கு எந்தச் சோதனையும் நடந்திருக்காது. ஜாக்கெட்டின் உள்ளே, லைனிங்கில் தைத்த லேபிளில் பைக் ஓட்டுபவரின் சிறு படமும், இ.என். 17092 என்ற எண்ணும், வகுப்பு எழுத்தும் இருக்க வேண்டும். அட்டையில் தொங்கும் வாசகம் போதாது. இணையத்தில் வாங்குபவர் அந்த உள்லேபிளின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அனுப்பத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

இத்தனையும் சரியாக இருந்து அளவு சரியில்லை என்றால் பணம் வீண். முழங்கைக்கான பேட் விழும்போது முழங்கையில் இல்லாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான். ஐரோப்பிய அளவெண் மார்புச் சுற்றளவில் ஏறத்தாழப் பாதி: 50 என்பது சுமார் 100 செ.மீ. மார்புக்கு. ஆனால் எண்ணைவிடப் போட்டுப் பார்ப்பதே பெரிது. கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்க்கும்போது அழகாக அமையும் ஜாக்கெட், பைக்கில் உட்கார்ந்ததும் கை குட்டையாகி முதுகு மேலேறும். கடையில் பைக் இருந்தால் அதன்மேல் உட்கார வேண்டும். இல்லையென்றால் நாற்காலியில் அமர்ந்து, ஹேண்டிலைப் பிடிப்பதுபோலக் கைகளை நீட்ட வேண்டும். அந்த நிலையில் கைமுனை மணிக்கட்டை மூட வேண்டும். முதுகு விளிம்பு இடுப்பை விட்டு ஏறக் கூடாது. கூட வந்தவரை முழங்கை பேட்டைப் பிடித்துத் திருகச் சொல்லலாம். பேட் எலும்பைச் சுற்றி நழுவி உள்பக்கம் போனால் கை அகலம் அதிகம். புதுத் தோல் ஜாக்கெட் சற்று இறுக்கமாகவே இருக்க வேண்டும், அணிய அணிய உடம்புக்கு இளகிக்கொடுக்கும். 'உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கலாம் சார்' என்று ஓர் அளவு பெரிதாகத் தருபவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

வெப்பம் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். தமிழ்நாட்டுக் கோடையில், நகர நெரிசலில், முழுத் தோல் ஜாக்கெட் வேதனைதான். மார்பிலும் கையின் உள்பக்கத்திலும் துளையிட்ட தோல் உள்ள ஜாக்கெட், வண்டி ஓடும்வரை காற்றை உள்ளே விடும். சிக்னலில் நின்றால் எதுவும் உதவாது. துளைகள் தோளிலும் முழங்கையிலும் இருக்கக் கூடாது. தினமும் நகருக்குள் பத்துக் கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர், சான்று பெற்ற மெஷ் துணி ஜாக்கெட்டைத் தேர்ந்தெடுப்பதே விவேகம். வியர்க்கிறது என்று வீட்டில் மாட்டி வைத்த ஏஏஏ ஜாக்கெட்டைவிட, தினமும் அணியும் மெஷ் ஜாக்கெட் பல மடங்கு மேல். நெடும்பயணம், அதிகாலை ஓட்டம், மலைப்பாதை என்று இருப்பவருக்குத் தோல் ஏற்றது. மழைக்குத் தோல் தாங்காது; மேலே போடும் ரெயின்கோட் தனியாக வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, இந்தியச் சந்தையில் ஏறக்குறைய 15,000 முதல் 30,000 ரூபாய் வரை உள்ளதை நடுத்தரம் என்று கொள்ளலாம். இதற்குள் தடித்த தோல், மறைதையல், சான்று பெற்ற பேட், உள்லேபிள் ஆகிய நான்கும் கிடைக்கும். பெரிய பெயர், பந்தயப் பாணிக் கூன், தோளில் உலோகத் தகடு ஆகியவற்றுக்கு இந்த விலையில் பணம் கொடுத்தால், மேற்சொன்ன நான்கில் ஒன்று குறைந்திருக்கும். அளவெடுத்துத் தைத்துத் தருபவர்களிடம் போகிறவர்கள் தோலின் தடிமன், நூல், தையல் முறை, பேட் வைக்கும் பை ஆகியவற்றைப் பேசி, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முழுப் பணத்தையும் ஜாக்கெட்டிலேயே போட்டுவிடவும் கூடாது. கன்பெரா ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பைக் குறைத்ததில் ஜாக்கெட்டைவிடக் கையுறை முன்னே நின்றது: 59 விழுக்காடு குறைவு. 25,000 ரூபாய் கையில் இருப்பவர் இருபதாயிரத்துக்கு ஜாக்கெட்டும் மீதிக்கு நல்ல தோல் கையுறையும் வாங்குவதே சரியான கணக்கு.

பராமரிப்பு எளிது. நனைந்த ஜாக்கெட்டை வெயிலிலோ ஹீட்டர் முன்னோ காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். அகலமான ஹேங்கரில், நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் உறையில் பூட்டி வைத்தால் ஐப்பசி மழை முடிவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். வியர்வை உப்பை ஈரத்துணியால் துடைத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை லெதர் கண்டிஷனர் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தோலைத் தொளதொளப்பாக்கும். தையல் விட்டால் பருத்தி நூலில் ஒட்டுப்போடாமல், தடித்த நைலான் நூலில் பழைய முறைப்படியே தைக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பலமாக விழுந்து எழுந்த பிறகு, வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும், அடிபட்ட பேட்டை மாற்றி, அந்தப் பகுதித் தையல் முழுவதையும் மறுபடி இழுத்துப் பார்த்த பின்பே ஜாக்கெட்டை அணிய வேண்டும்.